கல்லூரி வானொலியில் சமூக நீதி பேச வருகிறவர்களுக்கு: முதல் அரைமணி நேரத்தைத் தயாரிப்பது எப்படி?

கல்லூரிச் சமுதாய வானொலிக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் "என்ன நிகழ்ச்சி பண்ணலாம்?" என்று கேட்டால் பெண்ணுரிமை, சாதி ஒழிப்பு, வறுமை, கல்வி உரிமை என்று வரிசையாகப் பதில் வரும். பட்டிமன்றத்துக்கு இவை எல்லாமே பொருந்தும். அரைமணி நேர வானொலி உரையாடலுக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. நம் கோபுரத்திலிருந்து ஒலி தெளிவாகப் போகும் தூரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் இட்லிக் கடை போட்டிருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலை முடித்துத் திரும்பும் அம்மா ஆகியோர்தான் நம் நேயர்கள். அவர்களில் ஒருவருக்காவது நிகழ்ச்சி முடிந்ததும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகிறது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் புரியாது என்பதால் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு கல்லூரி. வாசலில் நடைபாதையோரம் பழக்கடை, பூக்கடை, தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடை. மாணவர்கள் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அவ்வப்போது மாநகராட்சி லாரி வரும், வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். சில நாளில் கடைகள் திரும்ப வந்துவிடும். இதை வைத்து ஓர் உரையாடல் நிகழ்ச்சி செய்யப் போகிறோம்.

முதலில், எதைப் பேச அனுமதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

1995-ல் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவும், பாம்பனில் மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசையும் இந்தக் கதவு வழியாக வந்தவைதான். கல்லூரி நிலையத்துக்காரர்கள் இந்த இரண்டையும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பது நல்லது. நாம் பேராசிரியர் பாணியில் பேசிப் பழகியிருப்பது அப்போது உறைக்கும்.

விதிகளில் புதியவர்கள் மனதில் வைக்க வேண்டியவை சில. நம் அலைபரப்பின் திறன் 100 வாட் அளவில்தான் இருக்கும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூரில், மக்கள் பங்கேற்போடு தயாரித்ததாக இருக்க வேண்டும். ஒலிபரப்பிய நிகழ்ச்சியின் பதிவை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முக்கியமானது: சொந்தமாகச் செய்தி, நடப்பு விவகாரம் தயாரிக்க அனுமதி இல்லை, அரசியல் நிகழ்ச்சியும் கூடாது. குடிநீர் விநியோகம், மின்தடை, வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு போன்ற தகவல்கள் சொல்லலாம்.

இந்தத் தடையைப் பார்த்துப் பலர் "அப்புறம் சமூக நீதியை எப்படிப் பேசுவது?" என்று சோர்ந்துவிடுகிறார்கள். பேசலாம். "இன்று காலை நம் வாசலில் கடைகளை அகற்றினார்கள்" என்றால் அது செய்தி. "கடையை அகற்ற வந்தால் சட்டப்படி என்ன நடக்க வேண்டும்? உங்கள் பொருளை எப்படித் திரும்பப் பெறுவது?" என்றால் அது மக்களுக்கான தகவல். கேட்பவருக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம். கட்சிப் பெயர், தலைவர் பெயர், வேட்பாளர் பெயர் உள்ளே வர வேண்டாம். தேர்தல் நேரத்தில் இரட்டிப்புக் கவனம். சந்தேகமாக இருந்தால் நிலையப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒலிபரப்பின ராத்திரி கேட்டுப் பயனில்லை.

தலைப்பைத் தெருவுக்குக் கொண்டுவருதல்

"சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரம்" என்பது ஆய்வுக் கட்டுரைத் தலைப்பு. அதை ஒரு கேள்வியாக மாற்றுங்கள். கேட்டவுடன் தெருவில் நிற்கும் ஒருவர் "ஆமா, எனக்கும் தெரியணும்" என்று சொல்லும் கேள்வியாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில்: "வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது?"

கேள்வி கிடைத்ததும் சட்டத்தைப் படிக்க வேண்டும். சாலையோர வியாபாரிகளுக்கென 2014-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது அது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும்வரை இருக்கிற வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதித் தர வேண்டும். உரிமையாளர் கேட்டு வந்தால், அதற்கான கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, அழுகும் பொருளை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். மற்றவற்றை 2 வேலை நாட்களுக்குள்.

இந்தக் கடைசி மூன்று வரிகள்தான் உங்கள் நிகழ்ச்சி. ஒரு கூடை தக்காளியை மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்து யாருக்கு என்ன லாபம்? பட்டியல் கேட்கும் உரிமை இருக்கிறது என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. குழு, சதவீதம் எல்லாவற்றையும் அரைமணிக்குள் திணித்தால் இது காணாமல் போய்விடும்.

மைக் இல்லாமல் ஒரு நடை

முதல் தடவை போகும்போது ரெக்கார்டரை எடுத்துப் போகாதீர்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நாலைந்து பேராகப் போய் நின்றால் "சர்வே எடுக்க வந்திருக்காங்க" என்று நினைத்து வாய் மூடிக்கொள்வார்கள். இரண்டு பேர் போதும். எதையாவது வாங்கிச் சாப்பிடுங்கள், பேச்சு தானாக வரும். வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் போகக் கூடாது. பூக்கடைக்காரருக்கு மாலை 4 மணிக்கு மேல் மூச்சுவிட நேரம் இருக்காது. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு மதியம் 3 மணிக்குத்தான் ஓய்வு.

இந்த நடையில் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஒன்று, யார் நன்றாகப் பேசுகிறார்கள். சரளமாகப் பேசுகிறவரைத்தான் தேட வேண்டும் என்பதில்லை; நடந்ததை நடந்தபடி சொல்கிறவர் வேண்டும். இரண்டாவது, அவர்கள் எப்போது ரேடியோ கேட்கிறார்கள், எதில் கேட்கிறார்கள். பட்டன் போனில் இயர்போனைச் செருகிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிகழ்ச்சிக்கு நேரம் ஒதுக்கும்போது இந்தத் தகவல் கையில் இருந்தால் "மாணவர்களுக்கு வசதியான நேரம்" என்ற வாதம் தோற்றுப்போகும்.

யாரையெல்லாம் கூப்பிடுவது

வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்: ஒரு பேராசிரியர், ஒரு வழக்கறிஞர், ஒரு சமூக ஆர்வலர். கடைக்காரர் நடுவில் 2 நிமிடம் "பேட்டி" கொடுப்பார். இதைத் தலைகீழாக்குங்கள். அரைமணியில் 15 நிமிடமாவது பிரச்சினையை அனுபவிப்பவருடைய குரல் இருக்கட்டும். வழக்கறிஞர் நடுநடுவே வந்து, "அவர் சொன்ன இடத்தில் சட்டம் இதைச் சொல்கிறது" என்று விளக்கினால் போதும்.

அதிகாரியையும் அழைக்க வேண்டும். அரசு ஊழியர்கள் பலர் மேலிட அனுமதி இல்லாமல் ஊடகத்தில் பேச மாட்டார்கள், ஆகவே கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு 2 வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். கேள்விகளையும் சேர்த்துக் கொடுத்தால் வருகிற வாய்ப்பு கூடும். வந்தால் திட்டங்களின் பட்டியலை வாசிக்க ஆரம்பிப்பார்; அப்போது மெதுவாக "சார், பறிமுதல் பட்டியலை எந்த அலுவலகத்தில், யாரிடம் கேட்க வேண்டும்?" என்று திரும்பக் கேளுங்கள். வரவில்லையென்றால் "அழைத்திருந்தோம், இந்த முறை வர இயலவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். நக்கல் வேண்டாம்.

இன்னொரு நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடைபாதை வியாபாரிக்கு மட்டும் சொந்தமில்லை. சக்கர நாற்காலியில் போகிறவர், வெள்ளைக் கோல் வைத்து நடப்பவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர், எல்லோருக்கும் அது வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்திருக்கிறது; தடையில்லாத பாதை அவர்களுடைய உரிமை. இப்போது உங்கள் முன்னால் இரண்டு நியாயங்கள் நிற்கின்றன. புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்து ஒரு பக்கத்தை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். பூக்கடை அம்மாவையும் சக்கர நாற்காலியில் கல்லூரிக்கு வரும் மாணவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, "இந்த வாசலில் எவ்வளவு இடம் விட்டால் உங்களுக்குப் போதும்?" என்று கேளுங்கள். இப்படி உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் மூன்றாவது ஆள் ஒருவர் வெளியே வருவார்: நடைபாதையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கும் மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் பாதி நம் மாணவர்களுடையதாக இருக்கும்.

கேள்வி கேட்பது

"உங்கள் வாழ்க்கை எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "கஷ்டம்தான் தம்பி, என்ன பண்றது" என்பதற்கு மேல் பதில் வராது. வந்தாலும் கண்ணீர் வரும். கண்ணீரை வைத்து நிகழ்ச்சி செய்வது சுலபம், அடுத்த பாட்டு வந்ததும் அது நேயருக்கு மறந்துவிடும்.

சின்னச் சின்னச் செயல்களைக் கேளுங்கள். காலையில் கோயம்பேட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? எதில் போவீங்க? ராத்திரி வண்டியை எங்கே விடுவீங்க, அதுக்குக் காசு உண்டா? மழை பெய்தால் சரக்கு என்ன ஆகும்? பணம் எங்கே புரட்டுவீங்க? கடைசிக் கேள்விக்கு "தண்டல்" என்று பதில் வந்தால் அங்கேயே நில்லுங்கள். எவ்வளவு வாங்கினீங்க, கைக்கு எவ்வளவு வந்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு கட்டணும், வண்டி பிடிபட்ட நாளில் யார் கட்டினது? 10,000 ரூபாய் என்று சொல்லி முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும் கணக்கு பல கடைத்தெருக்களில் பழக்கமானது. வண்டி ஒரு நாள் போனால் தண்டல்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லும்போது, "வாழ்வாதாரம்" என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே தேவைப்படாது.

பெண்களிடம் ஒரு கேள்வி தவறாமல் கேளுங்கள், கேட்பவரும் பெண்ணாக இருக்கட்டும்: கழிப்பறைக்கு எங்கே போவீங்க? பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறேன் என்று பதில் வரலாம். கல்லூரிக்குள் எத்தனை கழிப்பறை இருக்கிறது என்று அப்போது உங்களுக்கே தோன்றும். அதையும் நிகழ்ச்சியில் பேசலாம். நிர்வாகம் முகம் சுளிக்கும், பரவாயில்லை.

மரியாதை விஷயத்தில் நம் ஆட்கள் அறியாமலே சறுக்குவார்கள். பேராசிரியருக்கு "ஐயா அவர்களே", கடைக்காரருக்கு "இந்த அம்மா சொல்றாங்க பாருங்க" என்று போகும். விருந்தினர் எல்லோரையும் பெயர் சொல்லி, ஒரே மரியாதையில் அறிமுகப்படுத்துங்கள். 22 வருஷமாகக் கடை நடத்துகிறார் என்றால் அதைச் சொல்லுங்கள். பேராசிரியருக்குப் பட்டம் சொல்வதில்லையா?

சாதி பற்றியும் ஒரு வார்த்தை. ஒளிக்கவும் கூடாது, துருவவும் கூடாது. ஒருவரிடம் ஒலிவாங்கியை நீட்டி "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பது அநாகரிகம். ஆனால் தூய்மைப் பணியைப் பற்றி நிகழ்ச்சி செய்துவிட்டு, அந்த வேலை ஏன் குறிப்பிட்ட சமூகங்களின் தலையிலேயே விழுகிறது என்பதைத் தொடாமல் போனால் அது பாதி நிகழ்ச்சி. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013-ன் சட்டம் உட்பட, கேட்பவருக்குப் பயன்படுவதைச் சொல்லுங்கள். விருந்தினர் தன்னைத் திட்டிய சாதி வசவை அப்படியே திரும்பச் சொன்னால் எடிட்டிங்கில் ஒலியை மறையுங்கள். நடந்த கொடுமை அதனால் குறைந்துவிடாது.

ஒலிப்பதிவு

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். ஒலி அளவு மீட்டரில் −12-இலிருந்து −6 டெசிபலுக்குள் ஆடட்டும், சிவப்பைத் தொட வேண்டாம். தெருவில் பதிவு செய்தால் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், காற்றைத் தாங்கும். பேச்சு முடிந்ததும் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் 1 நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள்; வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க அது உதவும். செல்போனில்தான் பதிவு என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். விருந்தினரை ஸ்டுடியோவுக்கு அழைத்தால் ஆட்டோ காசைக் கொடுங்கள், ஒரு வேளை வியாபாரம் போவதையும் நினைத்துப் பாருங்கள். பல நேரம் கடையிலேயே பதிவு செய்வதுதான் இருவருக்கும் நல்லது. ஏசி அறையில் குரல் சுருங்கிப்போகும்.

சம்மதமும் அடையாளமும்

பதிவைத் தொடங்கும் முன் தமிழில், எளிமையாகச் சம்மதம் கேட்டு அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். எஃப்.எம்-இல் போவது வேறு, யூடியூபில் ஏறுவது வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எஃப்.எம்-இல் வருவது அந்த நேரத்தோடு போய்விடும், யூடியூப் பல வருஷம் நிற்கும். ஒலிபரப்பும் வரை "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். நாம் ஒலிபரப்புவது 10 கிலோமீட்டருக்குள். அந்தத் தெருவில் அந்தக் குரலை எல்லோருக்கும் தெரியும். மாமூல் கேட்பவரைப் பற்றியோ தண்டல்காரரைப் பற்றியோ ஒருவர் சொன்னால், அவர் குரலைப் போடாமல், சொன்னதை எழுதி ஒரு மாணவரை வாசிக்க வையுங்கள். வாசிப்பது வேறு குரல் என்று நேயரிடம் சொல்லிவிடுங்கள். கடை இருக்கும் இடத்தையும் பொதுவாகச் சொல்லுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தை ஆகியோரின் அடையாளம் வெளியாகக் கூடாது என்பது சட்டம். பள்ளியின் பெயர், ஊரின் பெயர்கூட அடையாளம்தான்.

எடிட்டிங்

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். முதல் வேலை, கேட்பவராகிய உங்கள் குரலைக் குறைப்பது. நீளமான கேள்விகளை வெட்டுங்கள். விருந்தினர் யோசிக்கும் இடைவெளியை முழுக்க வெட்டிவிடாதீர்கள். பதில் எப்படிப் பிறந்தது என்று அதில்தான் தெரியும். சென்னைத் தமிழைத் திருத்த நினைக்க வேண்டாம். அடியில் சோக வயலின் போடும் ஆசை எல்லோருக்கும் வரும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் தெருச் சத்தமே போதும்.

ஒருவர் சொன்னதை வெட்டிச் சேர்த்ததில் பொருள் மாறியிருக்கிறதா என்று சோதிக்க ஒரே வழி, அவருக்குப் போட்டுக் காட்டுவது. சட்டத் தகவலை வழக்கறிஞரிடம் இன்னொரு முறை சரிபாருங்கள். நிகழ்ச்சியின் கடைசியில் இலவசச் சட்ட உதவி எண் 15100-ஐ மெதுவாக, இரண்டு முறை சொல்லுங்கள். எழுதிக்கொள்ளப் பேனா தேட நேரம் வேண்டும் அல்லவா?

ஒலிபரப்பிய பிறகு

பெரும்பாலான மாணவர் நிகழ்ச்சிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. குழுப் புகைப்படம், ஸ்டேட்டஸ், அடுத்த தலைப்பு. சமூகத்துக்காக வாதாடுவது என்பதே இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில், பேசியவர்களிடம் நிகழ்ச்சியைக் கொண்டுபோங்கள். ஒரு சின்ன ஸ்பீக்கரில் கடைத்தெருவிலேயே போட்டுக் கேளுங்கள். ஒலிபரப்பைக் கேட்காதவர்களும் சேர்ந்துகொள்வார்கள். "இதை விட்டுட்டீங்களே" என்று அவர்கள் சொல்வதுதான் அடுத்த பகுதி. பட்டியல் கேட்கும் உரிமை பற்றிய 2 நிமிடத் துண்டைத் தனியாக வெட்டி வாட்ஸ்அப்பில் கொடுங்கள். லாரி வரும் நாளில் அரைமணி நிகழ்ச்சியை யாரும் தேட மாட்டார்கள்.

பிறகு பதில் தேடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடலாம்: நகர விற்பனைக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, கூட்டக் குறிப்பின் நகல் வேண்டும், எங்கள் வார்டில் எத்தனை பேருக்கு விற்பனைச் சான்று கொடுக்கப்பட்டிருக்கிறது? "ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், தட்டிக் கழிக்க அது வசதி. ஆவணம், தேதி, எண்ணிக்கை கேளுங்கள். மனுவை ஒரு மாணவர் தன் பெயரில் போடுவதுதான் முறை. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஊராட்சிப் பகுதியில் உங்கள் நிலையம் இருந்தால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபைக்கு 2 வாரம் முன்பே நிகழ்ச்சி வருகிற மாதிரி அட்டவணை போட்டால், தீர்மானமாக எழுதிக்கொண்டு போக மக்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் மாணவர் வானொலிக்கே உரியது. மனுவுக்குப் பதில் வரும்போது மனு போட்டவர் இறுதியாண்டு முடித்துப் போயிருப்பார். கடைக்காரருக்கோ அதே கடை, அதே லாரி. ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: யாரிடம் பேசினோம், என்ன வாக்குக் கொடுத்தோம், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் எழுதினோம், பதில் என்ன. மார்ச் மாதம், தேர்வுக்கு முன்னால், இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைக் கடைத்தெருவுக்கு நேரில் அழைத்துப்போய் "அடுத்த வருஷம் இவர்தான் வருவார்" என்று அறிமுகப்படுத்திவிட்டு, அந்தக் கோப்பை அவரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணைச் சேர்ப்பதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.